இந்த ஊரில் யாருக்கும் சளி பிடிப்பதில்லை

விவேக் நகர்,
13 பிப்ரவரி 2025, வியாழன்

மௌரீனுக்கு,

முதலில் பல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றது எதையும் எழுதக் கை வராது.

என் முன்பல் இரண்டும் என்னுடையவை அல்ல. ‘ரூட் கெனால் பண்ணியிருக்கேன்’ என்று உன்னிடம் சொன்னது பொய். ரோஸ் கலரில் ஒரு தகடு, அதில் இரண்டு பல். படுக்கும்போது டம்ளர் தண்ணீரில் அவை தனியாகத் தூங்கும். உன் அண்ணி டோரதிக்கு மட்டும் தெரியும். கல்யாண ரிசப்ஷனில் மைக்கைப் பிடித்துத் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் என்று மூன்று பாஷையில் முழங்குகிறவனுக்கு முன்பல் வாடகைப் பல் என்று தெரிந்தால் எந்த மாப்பிள்ளை வீட்டில் கூப்பிடுவார்கள்?

சரி, ஞானஸ்நானத்துக்கு வருகிறேன். உன் மகள் என் இடது கையில். நான் ஞானத்தந்தை, கோட்டு சூட்டு. ஃபாதர் கேட்டார், “சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?” நான் “விட்டுவி...” என்று ஆரம்பித்தேன். ‘வி’ சொல்ல முன்பல் வேண்டும் மௌரீன். சாத்தான் போனானோ இல்லையோ, பல் போய்விட்டது. இருமல் வந்த வேகத்தில் நேராகத் தொட்டித் தண்ணீருக்குள்.

நீங்கள் எல்லோரும் பார்த்தது நான் குனிந்து நின்று இருமியதை. பார்க்காதது, வலது கையைத் தொட்டிக்குள் விட்டு, மீன்காரர் மாதிரித் துழாவி, பல்லை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டதை. ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பல். வாயைப் பொத்த மூன்றாவது கை இல்லை. பிறகு ஃபாதர் அதே தண்ணீரைத்தான் ஆஷ்லியின் தலையில் ஊற்றினார். பொக்கை வாயோடு நான் “ஆமென்” சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பல் தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை பிள்ளை நீலமாகிப் போனாள் என்று டோரதி வந்து சொன்னதிலிருந்து அந்தத் தொட்டித் தண்ணீர்தான் என் கண்ணில் நிற்கிறது. நீ என் நம்பரை ப்ளாக் செய்துவிட்டாய். ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேனிடமும் என் அடையாளம் சொல்லி வைத்திருக்கிறாயாம். (‘குண்டு, மீசை, ஜோக் சொல்லுவார்’ என்றாயாமே. மீசைக்கு டை அடித்திருப்பதைச் சொல்லாமல் விட்டதற்கு நன்றி.) அதனால் இந்தக் கடிதம் ரசத் தூக்குக்கும் இட்லி டப்பாவுக்கும் நடுவில் வருகிறது. கறை பட்டிருந்தால் டோரதியைத் திட்டு.

ஆனால் ஒன்று. என் இருமல் டஸ்ட் அலர்ஜிதான். கிறிஸ்துமஸிலிருந்து நம்ம தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். முதலில் குழாய்க்கு, மூடிய மறுநாள் கேபிளுக்கு. தெருவில் எல்லோரும்தான் இருமுகிறோம். நோய் என்றால் பல் இருந்த அந்தத் தண்ணீர்தான். அதை மட்டும் டாக்டரிடம் கேட்டுச் சொல்.

உன் அண்ணன்,
மைக்கேல்ராஜ்


ஆஸ்பத்திரி, மூணாவது மாடி
14 பிப்ரவரி

அண்ணா,

எனக்கு உன்னை மாதிரி எழுத வராது. பேசுற மாதிரிதான் வரும். சிரிப்பு வரல. பல்லைப் பத்தி நான் டாக்டர்கிட்ட கேக்கவும் மாட்டேன்.

என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியணும். செவ்வாய்க்கிழமை பால் குடிச்சிக்கிட்டே இருந்தா. திடீர்னு வாய் நின்னுச்சு. தூங்கிட்டான்னு நெனச்சேன். உதட்டைப் பாத்தா இங்க் தொட்ட மாதிரி. கிஷோர் உள்ளங்காலைத் தட்டுறார், தட்டுறார், ஒண்ணுமில்ல. அப்புறம் ஒரு மூச்சு இழுத்தா. ஆட்டோல ஏறினதும் மறுபடி நின்னுச்சு. அந்த ஆட்டோக்காரர் குழந்தை இருக்கு, குழந்தை இருக்குன்னு கன்னடத்துல கத்திக்கிட்டே சிக்னலைத் தாண்டினார். அவர் பேர் கூடக் கேக்கல.

ஆஷ்லி இருமவே இல்லண்ணா. அதான் எனக்குப் புரியல. ஒரு தும்மல் கூட இல்ல. இத்தனூண்டு பிள்ளைங்களுக்கு இருமத் தெரியாதாம், மூச்சு விடறதை நிறுத்திடுமாம்.

டாக்டர் வைஷ்ணவி கேட்ட முதல் கேள்வி, “வீட்ல யாருக்காவது இருமல் இருக்கா?”ன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எங்க அண்ணனுக்கு. ஆனா அது டஸ்ட் அலர்ஜி டாக்டர்.” பிள்ளை மாஸ்க்குல கெடக்கு, அப்பவும் உன்னை விட்டுக் குடுக்கல பாரு. அவங்க எழுதறதை நிறுத்திட்டு என்னைப் பாத்தாங்க. “நான் வந்து எட்டு வருஷம் ஆச்சும்மா. இந்த ஊர்ல யாருக்கும் சளியே பிடிக்கறதில்ல. எல்லாருக்கும் டஸ்ட் அலர்ஜிதான்”னாங்க.

குச்சி வெச்சு டெஸ்ட் பண்ணிட்டாங்க. கக்குவான் இருமல். பெரியவங்களுக்கு அது வெறும் போகாத இருமல். சின்ன வயசுல போட்ட ஊசி எப்பவோ தீந்து போயிருக்கும், வந்ததே தெரியாம நடமாடிக்கிட்டு இருப்பாங்களாம். ஆஷ்லிக்கு ஆறாவது வாரத்து ஊசி அடுத்த வாரம்தான். அடுத்த வாரம், அண்ணா.

எனக்கும் கிஷோருக்கும் குச்சி வேணாம், நேரா மாத்திரைன்னுட்டாங்க. இருமுறவர் யாரோ அவரைக் கண்டிப்பா பாக்கணுமாம். போய்க் குடு. முதல்ல குச்சி, அப்புறம்தான் மாத்திரை. அண்ணியும் போடணும்.

பத்து வருஷம் காத்திருந்தோம். எத்தனை ஸ்கேன், எத்தனை நவநாள். நீயே எத்தனை மெழுகுவர்த்தி ஏத்தினே. அதெல்லாம் எதுக்கு? ஒரு இருமலை இருமல்னு சொல்ல முடியாத உன் வாயாலயே எல்லாத்தையும் ஊதி அணைச்சிட்டே. நீ இங்க வராத.

மௌரீன்


விவேக் நகர்,
15 பிப்ரவரி

மௌரீனுக்கு,

குச்சி கொடுத்துவிட்டு வந்தேன். மூக்கு வழியாகப் போய் என் ஐந்தாம் வகுப்பு ஞாபகங்களைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. லேப் பெண்ணிடம் டோரதியின் நம்பரைக் கொடுத்திருக்கிறேன், என் போனை நான் எங்கே வைக்கிறேன் என்று எனக்கே தெரியாது. மாத்திரையும் ஆரம்பித்தாயிற்று.

அந்தக் கிருமியின் பெயரைக் கேட்டு வாங்கினேன். போர்டெடெல்லா. ரிச்சர்ட்ஸ் டவுனில் நாய்க்குட்டியோடு நடக்கிற பணக்கார ஆன்ட்டியின் பெயர் மாதிரி இல்லை? மூச்சுக் குழாயில் குப்பையைப் பெருக்கித் தள்ளுவதற்குக் குட்டிக் குட்டி மயிர்கள் இருக்கின்றனவாம். இந்த அம்மாள் வந்து அவற்றின் மேலேயே உட்கார்ந்து குடித்தனம் நடத்தி விஷம் வைப்பாளாம். மருந்து போட்டு அவளைக் காலி செய்தாலும் பெருக்குகிற ஆட்கள் திரும்பி வேலைக்கு வர மாதக்கணக்காகுமாம். அதுவரை இருமல்தான் விளக்குமாறு. லேப் பெண் சொன்னாள். நான் உளறுவதை நிறுத்துவதற்காகச் சொல்லியிருப்பாள்.

நீ எழுதியது குத்தியது. குத்தட்டும். ஆனாலும் நான் கேட்கிறேன், யார் இந்த ஊரில் இருமலை இருமல் என்று சொன்னார்கள்? கோவிட் சமயத்தில் ஒரு தும்மல் தும்மியதற்கு பெட்டி ஆன்ட்டியை மளிகைக் கடைக்காரர் வெளியே நிறுத்தி எட்டடி நீளக் குழாயில் பருப்பு அனுப்பினாரே, மறந்தாயா? அன்றைக்கு ஊர் மொத்தமும் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. மாஸ்க் போட அல்ல, இருமலுக்கு வேறு பெயர் வைக்க. பார்க் பக்கம் இருப்பவர்களுக்குப் பூ அலர்ஜி. மெட்ரோ பக்கம் இருப்பவர்களுக்கு சிமென்ட். பாடகர் குழுவில் எல்லோருக்கும் ‘தொண்டை கட்டு’. பெட்டி ஆன்ட்டிக்கு மட்டும் கேஸ் ட்ரபிள். வாய் வழியாக வருகிற கேஸ். பிப்ரவரி கல்யாண மாசம். இருமுகிற அனௌன்சரை யார் மேடையில் ஏற்றுவார்கள்? எனக்குப் பதிலாக அச்யுத் என்று ஒரு பையன் வந்து நிற்பான், ‘மணமக்கல்’ என்பான், அதற்கும் கைதட்டுவார்கள்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டால் புழுங்கும். ஜனவரிக் கடைசியில் உன் வீட்டுக்கு வந்தேனே, நீ மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் கால் பேசிக்கொண்டிருந்தாய். லீவில் இருப்பவளுக்கு என்ன காலோ. மியூட் போட்டு இருமினாய், மியூட்டை எடுத்து “யெஸ், யெஸ்” என்றாய், மறுபடி மியூட். டீ ஆறுகிற வரை அதேதான் நடந்தது. நான் மட்டும்தான் இருமினேனா மௌரீன்? என்னுடையது மைக்கில் கேட்கிற இருமல், உன்னுடையது மியூட்டில் போன இருமல். அவ்வளவுதான் வித்தியாசம்.

கோபப்படாதே. ஆஷ்லி எப்படி இருக்கிறாள்? டோரதி ‘அப்படியே இருக்கா’ என்கிறாள். அவள் இரண்டு வார்த்தையில் பேசினால் எனக்குப் பயமாக இருக்கிறது.

மைக்கேல்ராஜ்


ஆஸ்பத்திரி
17 பிப்ரவரி

அண்ணா,

நேத்து நாலு தடவை மூச்சை நிறுத்தினா. ஒவ்வொரு தடவையும் மெஷின் கத்தும், நர்ஸ் மகா ஓடி வந்து முதுகைத் தடவி, “ஆஷ்லி பேபி, மறந்துட்டியா? மூச்சு விடணும்டா”ன்னு ஞாபகப்படுத்துவாங்க. எனக்கு இப்ப வேலையே அந்த ஆக்சிஜன் நம்பரைப் பாக்கறதுதான். தொண்ணூறுக்குக் கீழ போனா என் மூச்சும் நிக்குது.

இப்படி இருக்கறப்ப நீ என்ன எழுதறே? என் இருமலா? அது ஏசி. எங்க பெட்ரூம் ஏசியைக் கிஷோர் பதினெட்டுல வெப்பாரு, எனக்குத் தொண்டை பிடிச்சுக்கும், ஒவ்வொரு வருஷமும்தான் பிடிக்குது. நான் பெத்தவ. நான் இருமி என் பிள்ளைக்குக் குடுப்பேனா?

நீ எழுதினதைப் படிச்சதுலேர்ந்து அவளைத் தொட என் கை வரல. மகா சிஸ்டர் “பால் குடுங்கம்மா”ங்கறாங்க. டியூப்ல குடுங்கன்னு சொல்லிட்டேன். புரியுதா நீ என்ன பண்ணினேன்னு? ஒருவேளை அப்படித்தான்னா, நான்தான்னா, மறுபடி அவளைக் கையில எடுக்கவே மாட்டேன். எடுக்க முடியாது என்னால.

உன்னைக் காப்பாத்திக்க என்னை இழுக்காத. ஊருக்கெல்லாம் மைக் பிடிக்கிற இல்ல? அடுத்த ரிசப்ஷன்ல எத்தனை பிள்ளைங்களைத் தூக்கிக் கொஞ்சுவே? போ, அங்க போய் அந்த மைக்ல சொல்லு, எனக்கு டஸ்ட்டுன்னு.

இனிமே டப்பால கடிதம் வெக்காத.

மௌரீன்


விவேக் நகர்,
21 பிப்ரவரி, வெள்ளி

மௌரீனுக்கு,

வைக்காதே என்றாய். வைக்கிறேன். இதை மட்டும் படித்துவிடு.

போன கடிதத்தில் உன் இருமலைப் பற்றி எழுதினேனே, அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடு. அது ஏசிதான். உங்கள் வீட்டு ஏசியை எனக்குத் தெரியாதா? ஃபில்டரைத் திறந்தால் உள்ளே ஒரு புறாக் குடும்பம் ரேஷன் கார்டோடு இருக்கும். அந்த அறையில் உட்கார்ந்தால் சுவரே இருமும். மாட்டிக்கொண்டவன் கையில் கிடைத்த ஆளைக் காட்டுவான். சின்ன வயசில் ஜாம் பாட்டில் உடைந்தபோதும் நான் உன்னைத்தான் காட்டினேன். நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய், அம்மா அப்படியும் ஒரு நிமிஷம் நம்பினாள்.

என் டெஸ்ட் என்ன ஆயிற்று என்று நீ கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம். என்ன புதிதாக வந்துவிடப் போகிறது? இருமினவன் நான். வாயைப் பொத்தாதவன் நான். குழந்தை என் கையில் இருந்தது. ஆஷ்லிக்கு இது என்னிடமிருந்துதான் வந்தது. இதை இனி யாரோடும் நான் வாதாடப் போவதில்லை, உன்னோடும், என்னோடும்.

நீ பிள்ளையைத் தூக்கு. டியூப் வேண்டாம். நீயும் மாத்திரை முடித்துவிட்டாய், டாக்டரே பால் கொடுக்கச் சொல்கிறார் என்று டோரதி சொன்னாள். உன் கையில் ஒரு தப்பும் இல்லை.

மைக்கில் சொல் என்றாய் அல்லவா, சொல்கிறேன். ஞாயிறு காலைப் பூசையில் அறிவிப்பு வாசிப்பது எப்போதும் நான்தானே. இருபது வருஷம் மேடையில் நின்றவனுக்கு வேறு ஒன்றும் தெரியாவிட்டாலும், எப்போது முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று தெரியும்.

அண்ணன்


விவேக் நகர்,
23 பிப்ரவரி, ஞாயிறு

மௌரீனுக்கு,

டிபன் டப்பா காலியாக வந்தது. கடிதமும் திரும்பி வரவில்லை, அதனால் படித்தாய் என்று வைத்துக்கொள்கிறேன். இன்றைக்கு நடந்ததைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. டோரதி நேரிலேயே பார்த்தாள், பார்த்ததிலிருந்து என்னோடு பேசவில்லை.

மாத்திரை முடிந்துவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனேன். மாஸ்க் வேறு. பூசை முடிந்து மைக் முன்னால் நின்றேன். வழக்கம்போல ஆரம்பித்தேன். சனிக்கிழமை மறைக்கல்வி வகுப்பு இல்லை. சாம்பல் புதனுக்குப் பழைய குருத்தோலைகளைக் கொண்டு வந்து கொடுக்கவும். வெள்ளை ஆக்டிவா ஒன்று ஆம்புலன்ஸ் போகிற வழியில் நிற்கிறது, அந்தப் புண்ணியவான் எழுந்து போகவும். யாரும் கேட்கவில்லை. அறிவிப்பு வாசிக்கும்போது விவேக் நகர் எப்போதும் செருப்பைத்தான் தேடும்.

பிறகு சொன்னேன், “கடைசி அறிவிப்பு. எனக்கு டஸ்ட் அலர்ஜி இல்லை.”

செருப்புச் சத்தம் நின்றது. “ரெண்டு மாசமா உங்க எல்லார்கிட்டயும் டஸ்ட்டுன்னு சொன்னேன். அது கக்குவான். என் தங்கச்சி பிள்ளைக்கு ஞானஸ்நானம் அன்னைக்கு நான் கையில வெச்சிருந்தேன். அவ இப்ப ஐசியூல இருக்கா. உங்கள்ல யாருக்கு இருமல் இருந்தாலும், அது ஏசியோ பூவோ சிமென்ட்டோ, கைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கும் பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுக்கும் போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட போங்க. பேரை மாத்தி வெச்சா நோய்க்குத் தெரியாது.”

அப்புறம் வந்தது பார் ஒரு அமைதி. அந்த அமைதியில் பின் வரிசையில் யாருக்கோ இருமல் வந்தது. வந்ததை அவர் விழுங்கினார். ஒரு இருமலை விழுங்குகிற சத்தம் இருமலைவிடப் பெரியது மௌரீன். அது பக்கத்து ஆளுக்குத் தொற்றியது. இரண்டு பக்கத்து பெஞ்சுகளிலும் முகங்கள் சிவந்து, கன்னம் உப்பி, கண்ணில் தண்ணீரோடு ஊரே மூச்சடக்கி உட்கார்ந்திருந்தது. முதலில் உடைந்தது பெட்டி ஆன்ட்டி. கதவு பிய்ந்து விழுந்த மாதிரி இருமிவிட்டு, எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “மைக்கேல், எனக்கு கேஸ்தான்!” என்றாள். ஃபாதர் சிலுவை போடுவதுபோல முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு வாசலோடு சரி. வெளியே வந்தால் எனக்கு வழி விட்டார்கள். மரியாதைக்கு அல்ல. எப்போதும் கையைப் பிடித்துக் குலுக்குகிற ஆட்கள் தூரத்திலிருந்து கும்பிட்டார்கள். சின்னப் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். மத்தியானம் இரண்டு கல்யாண வீட்டிலிருந்து போன், ‘அண்ணே, நீங்க ரெஸ்ட் எடுங்க’ என்று. அச்யுத்துக்கு நல்ல காலம்.

கோவிட்டில் பெட்டி ஆன்ட்டியைக் கடைக்கு வெளியே நிறுத்தியபோது நான் உள்ளே நின்று கடலை வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த எட்டடி எவ்வளவு நீளம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. இவ்வளவு நீளம் என்றால் எவன்தான் உண்மையைச் சொல்வான்?

மாலையில் மரியா டீச்சர் வாசலில் நின்று, உள்ளே வராமல், “மைக்கேல், எனக்கும் ஒரு மாசமா இருக்கு. நாளைக்குப் போறேன். மருமகளுக்கு ஒன்பதாம் மாசம்” என்றாள். போதும். அதற்காக இன்னும் நாலு கல்யாணம் போனாலும் போகட்டும்.

பிள்ளையைத் தூக்கினாயா?

அண்ணன்


ஆஸ்பத்திரி
2 மார்ச், ஞாயிறு

அண்ணா,

ஆக்சிஜன் எடுத்துட்டாங்க. மூணு நாளா மெஷின் கத்தல. இன்னைக்கு நல்லா அழுதா, மூணாவது மாடி முழுக்கக் கேட்டுச்சு. மகா சிஸ்டர் “உங்க அண்ணன் மாதிரி மைக் வாய்ஸ்”னாங்க. உன்னைப் பாத்ததே இல்ல, அதுக்குள்ள வாய்ஸ் தெரியுமாம்.

தூக்கினேன். நீ எழுதின அன்னைக்கே தூக்கினேன். ‘உன் கையில் ஒரு தப்பும் இல்லை’ன்னு எழுதியிருந்தே இல்ல, அதை நாலு தடவை படிச்சிட்டு எழுந்து போய்த் தூக்கினேன். மொதல்ல மூக்கைச் சுளிச்சா, அப்புறம் குடிச்சா. பதில் எழுத வரல. உன் மேல கோபம் போயிடுச்சுன்னு ஒத்துக்க ஒரு வாரம் ஆச்சு.

டாக்டர் வைஷ்ணவி ரவுண்ட்ஸ்ல சொன்னாங்க, போன வாரம் விவேக் நகர்லேர்ந்து மட்டும் பத்துப் பதினஞ்சு பேர் வந்தாங்களாம். என்ன தொந்தரவுன்னு கேட்டா எல்லாரும் “மைக்குக்காரர் போகச் சொன்னார்”னாங்களாம். மரியா டீச்சருக்கு இருந்துச்சு. மருமக டெலிவரிக்கு முன்னாடியே மாத்திரை குடுத்துட்டாங்க. பெட்டி ஆன்ட்டிக்கு நெஜமாவே கேஸ்.

அப்பதான் உன் பல் கதையையும் அவங்ககிட்ட சொல்லிக் கேட்டேன். அந்த டாக்டர் சிரிச்சு நான் பாத்ததில்ல. சுவரைப் பிடிச்சுக்கிட்டாங்க. தண்ணியில பரவாதாம், காத்துலதான். “பல்லை மன்னிச்சிடுங்க, அது நிரபராதி”ன்னாங்க. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அனுப்பறாங்க. உன் நம்பரை ப்ளாக்லேர்ந்து எடுத்து விட்டுட்டேன். வந்து...

(இதுவரைக்கும் எழுதினப்ப அண்ணி சாப்பாடு கொண்டு வந்தாங்க. இப்ப பேனா வேற, நேரமும் வேற.)

சாம்பாரை ஊத்திக்கிட்டே அண்ணி உன்னைத் திட்டினாங்க. நான் உனக்குப் பரிஞ்சு பேசினேன், “பாவம் அண்ணி, அவருக்கும்தானே வந்துச்சு”ன்னு. அண்ணிக்கு எங்கேர்ந்து வந்துச்சோ ரோஷம். “அவருக்கு எங்கடி வந்துச்சு? ஒண்ணுமில்லன்னு வியாழக்கிழமையே என் போனுக்குச் சொல்லிட்டாங்களே. வெறும் டஸ்ட் அலர்ஜியாம்”னாங்க. சொன்ன உடனே நாக்கைக் கடிச்சிக்கிட்டாங்க. கரண்டி அந்தரத்துல நிக்குது.

வியாழக்கிழமை. நீ எனக்கு எழுதினது மறுநாள் வெள்ளிக்கிழமை. மைக் பிடிச்சது ஞாயித்துக்கிழமை. கோயில்ல நின்னு, அத்தனை பேர் முன்னாடி.

நான் உக்காந்து யோசிச்சேன். வீட்ல இருமினது ரெண்டு பேர். உனக்கு இல்லன்னா மீதி யாருன்னு எனக்குக் கணக்குப் போடத் தெரியும். ஆஷ்லி என் மடியில தூங்கறா. கீழ போடல. பயப்படாத, போட மாட்டேன்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. எனக்கு இருந்துச்சே ஜனவரியில, மியூட் போட்டு. அது என்னண்ணா?

மௌரீன்


விவேக் நகர்,
3 மார்ச்

மௌரீன்,

டஸ்ட் அலர்ஜிம்மா.

செவ்வாய்க்கிழமை பிள்ளையை மூடி எடுத்து வா. நம்ம தெருவை மறுபடி தோண்டியிருக்கிறார்கள்.

அண்ணன்